சிரட்டைய கழட்ட பன்னெண்டு வாரம் ஆவும் சார்: புகையிலை ரூமை பூட்டினவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்குற சார் மேடம் எல்லாருக்கும், மாவட்டத்துல புகையிலை ஒழிப்பு வேலைய பாக்குற அதிகாரிகளுக்கும்,

ஓபி வராண்டாவுல ஈசிஜி ரூமுக்கு அடுத்தால இருந்த அந்த சின்ன ரூம், பீடி சிகரெட் புகையிலைய விட ஆலோசனை குடுத்துட்டு இருந்த ரூம், அத நீங்க பூட்டி மூணு மாசம் ஆவுது. ஜன்னல் வழியா எட்டி பாத்தேன். உள்ள குளுக்கோஸ் பாட்டில் பெட்டி அடுக்கி வச்சிருக்கு, கவுன்சிலர் தங்கச்சி உக்காந்துட்டு இருந்த நீலக்கலர் நாற்காலி மேலயும் ரெண்டு பெட்டி. கதவுல ஒரு பேப்பர் கூட ஒட்டல. அதுக்கு பதிலா வராண்டா முக்குல பெருசா ஒரு பேனர், "மன உறுதியே மருந்து"ன்னு எழுதி, ஒரு கை சிகரெட்ட ரெண்டா ஒடைக்கிற படம். இங்க வாற முக்காவாசி பேரு வலிக்கிறது பீடி, அத கூட பாத்து பேனர் அடிக்கல, அது வேற விஷயம்.

எந்த ஆஸ்பத்திரின்னு பேரு எழுதல. எழுதினா உங்களுக்கு ஒண்ணும் ஆவாது, அங்க நல்லா வேலை பாக்குற ரெண்டு நர்ஸ் அக்காமாருக்கு தான் தலைவலி வரும். படிக்கும்போ உங்களுக்கே தெரியும்.

எனக்க அப்பாக்கு 61 வயசு. குலசேகரம் பக்கத்துல ஒரு தோட்டத்துல ரப்பர் பால்வெட்டு, நாப்பது வருஷமா அதே வேலை. விடியக்காலம் மூணரைக்கு எழும்பி தலையில லைட்ட மாட்டிட்டு இறங்கினா எட்டு மணிக்குள்ள வெட்டி முடிக்கணும், வெயில் ஏறிட்டா பால் ஒழுக்கு கொறஞ்சிடும். அந்த மூணரைக்கு, கண்ண தொறந்து பாயில இருந்து எழும்புறதுக்கு முன்ன, கை முதல்ல போறது தலைமாட்டுல இருக்க பீடிக்கட்டுக்கு. நான் சின்னதுல இருந்து பாத்து வளந்த காட்சி அது, இருட்டுல ஒரு சிவப்பு புள்ளி, அது பெருசாவும், சிறுசாவும், அப்புறம் அப்பா இருமுவாரு, அப்பம் விடிய போவுதுன்னு அர்த்தம்.

போன ஆவணில நெஞ்சு வலி வந்துது. உங்க ஆஸ்பத்திரில தான் சேத்தோம், நல்லா பாத்தீங்க, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. டிஸ்சார்ஜ் பண்ணும்போ டாக்டர் பீடிய விடணும்னு சொல்லி அந்த ரூமுக்கு அனுப்பினாரு. அங்க கவுன்சிலர் தங்கச்சி கேட்ட முதல் கேள்வியே "காலைல எழும்பி எத்தன நேரத்துல முதல் பீடி?" ஒரு நாளைக்கு எத்தனன்னு கேக்கல, முதல் பீடி எப்பம்னு தான் கேட்டாவ. அப்பா சிரிச்சிட்டு "கண்ணு தொறக்கும் முன்ன மக்கா"ன்னாரு. எழும்பி அஞ்சு நிமிஷத்துக்குள்ள வலிக்கிறவங்களுக்கு தான் நிகோடின் பிடி ரொம்ப இறுக்கமா இருக்கும்னு அவங்க சொன்னாவ. ஒரு சின்ன மெஷின்ல ஊத சொன்னாவ, மூச்சுல இருக்க கார்பன் மோனாக்சைட காட்டுமாம், 19ன்னு காட்டிச்சு. அப்பா அத பத்து தடவையாவது என்கிட்ட சொல்லியிருப்பாரு, ஏதோ பரிச்சையில மார்க் வாங்கின மாதிரி.

நிகோடின் கம் குடுத்தாவ, ரெண்டு வாரத்துக்கு. அத எப்படி மெல்லணும்னு சொல்லி குடுக்கவே அரை மணிக்கூர் ஆச்சு. சாதாரண சுவிங்கம் மாதிரி சவச்சிட்டே இருக்கப்பிடாது, நாலு கடி கடிச்சதும் வாயில மொளகு கடிச்ச மாதிரி ஒரு காரம் வரும், அப்பம் கன்னத்துக்கும் ஈறுக்கும் எடையில ஒதுக்கி வச்சிடணும், காரம் போனா திரும்ப கடிக்கணும். அப்பாவுக்கு முதல் ரெண்டு நாள் ஒண்ணும் பிடிக்கல, "இது வேலைக்கு ஆவாது"ன்னு துப்பிட்டாரு. தங்கச்சிக்கு போன் பண்ணி கேட்டா, கட்டன் சாயா குடிச்சிட்டு உடனே போடுறாரான்னு கேக்காவ. ஆமா, சாயா குடிக்காம எந்த பால்வெட்டுக்காரன் தோட்டத்துல இறங்குவான்? சாயா காப்பி மாதிரி புளிப்புத்தன்மை உள்ளது குடிச்ச கையோட போட்டா வாய் வழியா நிகோடின் சரியா ஏறாதாம், கால் மணிக்கூர் கழிச்சு போட சொன்னாவ. அவ்வளவு தான். அதுக்கப்புறம் வேலை செய்ய ஆரம்பிச்சுது. இந்த ஒரு விஷயம் உங்க பேனர்ல எங்க இருக்கு சார்?

23 நாள். ஒரு பீடி இல்ல. எங்க அம்மா பாய வெளில போட்டு உணக்கி, தலையணைய மாத்தி, "வீட்டுக்க மணமே மாறிப்போச்சு"ன்னு பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிட்டு நடந்தாவ.

ரெண்டாவது தடவ போனப்பமே ஸ்டாக் கம்மின்னு ஒரு ஸ்ட்ரிப் தான் கெடச்சுது. மூணாவது தடவ, அந்த 23வது நாள், ரூம் பூட்டியாச்சு. பார்மசில கேட்டா "இனி வராது". ஆபீஸ்ல போய் கேட்டேன். அங்க ஒரு சார், மரியாதையா தான் பேசினாரு, அத நான் மறைக்கல, ஆனா சொன்னது மூணு விஷயம். புகைப்பழக்கம் நோய் இல்ல, மன உறுதி இல்லாததோட பிரச்சனை. கம்முல இருக்கதும் நிகோடின் தானே, ஒரு போதைக்கு இன்னொரு போதைய அரசாங்கம் குடுக்கணுமா. அப்புறம், "நானே இருவது வருஷம் முன்ன ஒரே நாள்ல விட்டேன், உங்க அப்பாவுக்கு ஏன் முடியாது?"

அப்பம் பதில் சொல்ல எனக்கு தெரியல. திரும்பி வந்துட்டேன். இப்பம் சொல்லுதேன்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சவன், மார்த்தாண்டத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், மூளைய பத்தி பேச எனக்கு என்ன யோக்கியதைன்னு நீங்க கேக்கலாம். நம்ம மாவட்டத்துல நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கா பஞ்சம், தெனம் பத்து பேராவது ப்ரிண்ட் எடுக்க வருவாங்க, அதுல ஒரு பிள்ள நிகோடின் ரிசப்டர்னு ஒரு கட்டு பேப்பர் ப்ரிண்ட் எடுத்துது. அப்பா திரும்ப பீடி பிடிச்சு ரெண்டு நாள் தான் ஆயிருந்துது, மெஷின்ல இருந்து வந்த பேப்பர அப்படியே கையில வச்சு படிச்சிட்டு நிக்குறேன், பிள்ள "அண்ணா என்னதுக்க பேப்பரு"ன்னு கேக்குது. அந்த பிள்ள தான் முதல்ல உக்காந்து சொல்லி குடுத்துது, மீதிய ராத்திரி ராத்திரியா நானே தேடி படிச்சேன்.

அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில மெரீனா பிச்சியோட்டோன்னு ஒரு நரம்பியல் விஞ்ஞானி. நம்ம மூளையில அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் இயற்கையாவே வேலை பாக்குது, அத வாங்கிக்கிற ஏற்பிகள், அதாவது ரிசப்டர்கள், நரம்பு செல் மேல இருக்கு. நிகோடினுக்கு மூளையில தனியா ஒரு எடமும் இல்ல, இதுல ஒரு வகையில போய் தான் அது ஒட்டுது. அந்த வகையில ஒவ்வொரு ரிசப்டரும் அஞ்சு துண்டு சேர்ந்தது, அதுல ஒரு துண்டுக்கு பேரு பீட்டா 2. 1998ல பிச்சியோட்டோவும் கூட உள்ளவங்களும் வெளியிட்ட ஆராய்ச்சில, இந்த பீட்டா 2 துண்டு இல்லாத எலிகள உண்டாக்கி பாத்தாங்க. மூக்கால ஒரு துளைய குத்தினா மருந்து உடம்புல ஏறும், அப்படி ஏற்பாடு. முதல்ல கொக்கெய்ன் வச்சு பழக்கினாங்க, ரெண்டு வகை எலியும் பழகிச்சு. அப்புறம் கொக்கெய்ன எடுத்துட்டு நிகோடின் வச்சாங்க. சாதாரண எலி குத்திட்டே இருந்துது. பீட்டா 2 இல்லாத எலி, வெறும் தண்ணி வச்சா எப்படி விட்டுட்டு போவுமோ அப்படி விட்டுட்டு போச்சு.

சார், அந்த எலிக்கு மன உறுதி கூடுதல்னு யாராவது சொல்லுவாங்களா? ஒரே ஒரு புரதத்துண்டு இல்ல, அதனால நிகோடின் அத இழுக்கல, அவ்வளவு தான். 2005ல பிரான்ஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல, இதே மாதிரி எலிக்கு மூளையில ஒரு குறிப்பிட்ட எடத்துல, ஆசைய தூண்டுற டோபமைன்னு ஒரு ரசாயனத்த சுரக்குற செல் இருக்க எடத்துல, அந்த துண்ட திரும்ப உண்டாக்கி வச்சாங்க. எலி திரும்பவும் நிகோடின தேட ஆரம்பிச்சுது.

இந்த ரிசப்டர கண்டுபிடிச்ச கதைய அப்பாவுக்கு சொன்னப்பம் அவரு வேலைய நிறுத்திட்டு கேட்டாரு. 1970ல அதே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ழான் பியர் ஷாஞ்ஜூன்னு ஒருத்தர், கரண்ட் அடிக்கிற விலாங்கு மீனோட உறுப்புல இருந்து இந்த ரிசப்டர பிரிச்சு எடுத்தாரு. எது ரிசப்டர்னு அடையாளம் காட்டுனது ஒரு பாம்பு விஷம், தைவான் நாட்டு கட்டுவிரியனோடது. ராத்திரி தோட்டத்துல இறங்குற எல்லாருக்கும் கட்டுவிரியன்னா என்னன்னு தெரியும், கடிச்ச எடத்துல வலி கூட இருக்காது, கண்ணிமை தொங்கும், அப்புறம் மூச்சு நிக்கும். அதுக்கு ஒரு காரணம், தசையில இருக்க இதே குடும்பத்து ரிசப்டர அந்த விஷம் போய் அடைச்சிடுது. "அப்பம் பீடியும் கட்டுவிரியனும் ஒரே வாசல்ல தான் வந்து நிக்குதா லேய்"ன்னு அப்பா கேட்டாரு. தசையில இருக்கது வேற மாடல், மூளையில இருக்கது வேற மாடல்னு சொன்னேன். சொந்தக்காரங்க தான், ஒரே ஆள் இல்ல.

இனி தான் நீங்க கவனிக்க வேண்டியது.

நிகோடின் தெனமும் வந்து ஒக்காந்து ஒக்காந்து அந்த ரிசப்டர்கள் மரத்து போயிடுது, மூடிக்கிடுது. அத ஈடு கட்ட மூளை கூடுதலா ரிசப்டர்கள வைக்குது. 1983ல எலியில பாத்தாங்க, 1988ல புகைபிடிச்சு இறந்து போனவங்க மூளையிலயும் பாத்தாங்க. அப்பாவுக்கு நான் இத எப்படி சொன்னேன்னா, சிரட்டைன்னு சொன்னேன். மரத்துல கட்டின சிரட்டையில ஒட்டுப்பால் உறைஞ்சு அடைஞ்சு போச்சு, புதுப்பால் பிடிக்க எடமில்ல, நீங்க என்ன செய்வீய, பக்கத்துல இன்னொரு சிரட்டை கட்டுவீய, அதும் அடைஞ்சா இன்னொண்ணு. நாப்பது வருஷம் இப்படி கட்டி கட்டி தலைக்குள்ள ஒரே சிரட்டையா தொங்குது. நிகோடின் ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க பாதியா கொறையும், ராத்திரி தூங்கி எழும்பும்போ எல்லாம் காலி, எல்லா சிரட்டையும் வாய தொறந்துட்டு நிக்குது. அதுதான் மூணரை மணி பீடி. ஒரு சிகரெட்டுல ஒண்ணு ரெண்டு இழுப்புலயே பீட்டா 2 உள்ள ரிசப்டர்ல பாதி நிறைஞ்சிடும், முழுசா வலிச்சா 88 சதவீதத்துக்கு மேலன்னு 2006ல மூளைய ஸ்கேன் பண்ணியே பாத்திருக்காங்க.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாரு, "அப்பம் அந்த சிரட்டைய எல்லாம் கழட்ட எத்தன நாளு ஆவும்?"

இந்த கேள்விக்கும் பதில் இருக்கு. அதே யேல்ல 2009ல வந்த ஸ்கேன் ஆராய்ச்சி, பிச்சியோட்டோவும் அதுல உண்டு. நிறுத்தி ஒரு வாரத்துல ரிசப்டர் இன்னும் கூடுதலா தான் இருந்துது, புகைபிடிக்காதவங்க அளவுக்கு அது இறங்க 6 வாரத்துல இருந்து 12 வாரம் ஆச்சு. நிகோடின் கம்ம 8 வாரம், 12 வாரம் எடுக்க சொல்லுறதும் கிட்டத்தட்ட அதே கணக்கு தான். நீங்க குடுத்தது ரெண்டு வாரம், அப்புறம் ஒரு ஸ்ட்ரிப், அப்புறம் பூட்டு. கிணத்துல இறங்கினவன பாதி தூக்கிட்டு கயிற விட்ட கதை.

கம் தீர்ந்த ரெண்டாவது நாள் அப்பா மரத்துல காயம் போட்டுட்டாரு. இது என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்லுதேன், பால்வெட்டுல பட்டைய மட்டும் சீவணும், கத்தி கொஞ்சம் ஆழமா போயி உள்ள தடியில பட்டா அந்த எடம் முண்டு முண்டா வளரும், பின்ன அதுல ஒழுங்கா வெட்ட முடியாது. நாப்பது வருஷத்துல அவருக்க கை அப்படி போனதில்ல, ஒரே காலைல அஞ்சு மரம். தூக்கம் இல்ல, கவனம் நிக்கல, யார பாத்தாலும் எரிஞ்சு விழுறாரு, எல்லாம் நிகோடின் நின்னா வாற லட்சணம் தான். முதலாளி வந்து மரத்த தடவி பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போனாரு, திட்டியிருந்தா கூட அப்பா தாங்கியிருப்பாரு. அண்ணைக்கு சாயங்காலம் ரப்பர் ஷீட்டுக்கு புகை போடுற ஷெட்டுக்கு பின்னால நிக்குறாரு, 26வது நாள், என்னை பாத்ததும் கைய முதுகுக்கு பின்னால கொண்டு போனாரு. எங்க அப்பா. நான் பத்தாம் கிளாஸ்ல சிகரெட்டோட மாட்டுனப்பம் நான் எப்படி நின்னேனோ அப்படியே.

உங்க ஆபீஸ் சார் சொன்ன மூணுல ஒண்ணுக்கு எலி பதில் சொல்லியாச்சு. கம்மும் நிகோடின் தானேன்னு கேட்டீங்க. புகையில இழுத்தா பத்து இருவது செகண்டுல மூளைக்கு போவுது, அந்த குபீர்னு ஏறுறதுக்கு தான் மூளை அடிமை. கம்முல கன்னம் வழியா மெல்ல மெல்ல ஏறும், ரிசப்டருக்கு கொஞ்சம் கெடைக்கும், கத்தாம இருக்கும், ஆனா தாரும் இல்ல கார்பன் மோனாக்சைடும் இல்ல. நெஞ்சடைப்பு வந்த மனுஷனுக்கு எது தேவைன்னு டாக்டருக்கு தெரியாதா. இப்படி நிகோடின் மாற்று மருந்து எடுத்தா விடுறதுக்கான வாய்ப்பு 50, 60 சதவீதம் கூடுதுன்னு பல ஆராய்ச்சிய சேத்து பாத்து சொல்லியிருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் 2009லயே இத அத்தியாவசிய மருந்து பட்டியல்ல சேத்தாச்சு, நம்ம மத்திய அரசோட தேசிய பட்டியல்ல 2022ல வந்தாச்சு. போதைன்னா அந்த பட்டியல்ல எதுக்கு இருக்கு?

அப்புறம் ஒரே நாள்ல விட்டது. சந்தோஷம் சார், உண்மையா தான் சொல்லுதேன். எங்க சித்தப்பா கூட அப்படி தான், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ரெண்டு சிகரெட், மத்த நாள் நெனப்பே வராது. ஆனா ரிசப்டர்ல ஆல்பா 5ன்னு இன்னொரு துண்டு இருக்கு, அதோட ஜீன் 15வது குரோமோசோம்ல. அந்த பகுதியில வித்தியாசம் உள்ளவங்க கூடுதலா புகைபிடிக்கிறதா 2008ல கண்டுபிடிச்சாங்க. 2011ல பால் கென்னிங்குற விஞ்ஞானியோட குழு, ஆல்பா 5 இல்லாத எலிகள் நிகோடின் அளவு கூடினாலும் "போதும்"னு நிறுத்தலன்னு காட்டினாங்க. நிகோடின் கூடுனா கொமட்டணும், வெறுப்பு வரணும், அந்த பிரேக் அதுங்களுக்கு பிடிக்கல. உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் பிரேக் நல்லா பிடிக்கலாம், அப்பாவுக்கு தேஞ்சிருக்கலாம். அவருக்க ஜீன யாரும் பாக்கல, நான் அடிச்சு சொல்லல. ஒருத்தனுக்கு முடிஞ்சது எல்லாருக்கும் முடியும்னு அடிச்சு சொல்ல உங்களுக்கும் ஆதாரம் இல்லன்னு தான் சொல்லுதேன்.

வெளில வாங்கலாமேன்னு சொல்லாதீங்க, வாங்கி பாத்தாச்சு. ஒரு நாள் கம்முக்கு ஆவுற காசுல ரெண்டு நாள் பீடி வலிக்கலாம். மழை பெய்ஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா கூலி இல்ல, அந்த நாள்ல அவரு கையில இருக்க காசுக்கு எது கெடைக்குமோ அத தான் வாங்குவாரு. உங்க கேட்டுக்கு எதிர்ல இருக்க பெட்டிக்கடையில கட்டு கட்டா தொங்குது, அதுக்கு மட்டும் ஸ்டாக் தீர்றதே இல்ல.

எனக்கு வேணும்னு கேக்குறது இது தான். அந்த ரூம திறக்கணும், வாரத்துல ஒரு நாளாவது, அதும் மத்தியானத்துக்கு மேல. ஏன்னா பால்வெட்டுறவனும் கொளச்சல்ல கடலுக்கு போயிட்டு வாறவனும் காலைல பத்து மணிக்கு ஓபில வந்து நிக்க முடியாது. பழைய கவுன்சிலர் தங்கச்சிய திரும்ப போடணும், இல்லன்னா அது மாதிரி முதல் பீடி எப்பம்னு கேக்க தெரிஞ்ச ஒருத்தர. ஆரம்பிச்சு வைக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் 12 வாரத்துக்கு தேவையான கம் கையிருப்புல இருந்தா மட்டும் ஆரம்பிங்க, பாதில நிறுத்துறதா இருந்தா ஆரம்பிக்கவே வேண்டாம். எழும்பி அரை மணிக்கூருக்குள்ள வலிக்கிறவங்களுக்கு 2 மில்லிகிராம் கம் போதாது, 4 மில்லிகிராம் வேணும்னு சொல்லுறாங்க, அதையும் வரவழைங்க. இதே ரிசப்டர பாதி மட்டும் திறந்து புகைய விட உதவுற வரெனிக்ளின் மாத்திரை 2021ல உலக பட்டியல்ல வந்திருக்கு, அது யாருக்கு குடுக்கலாம்னு உங்க டாக்டர்மாரு முடிவு பண்ணட்டும். ரூம ஏன் பூட்டினீங்க, யாரு உத்தரவு, எப்பம் திறப்பீங்கன்னு எழுத்துல ஒரு பதில் கதவுல ஒட்டுங்க, தெனம் யாராவது வந்து கதவ தட்டிட்டு போறத நான் பாத்தேன். அந்த பேனர எடுத்துடுங்க, இல்ல அதே எடத்துல புகையிலைய விட போன்ல ஆலோசனை குடுக்குற தேசிய குவிட்லைன் நம்பர் 1800 11 2356யாவது பெருசா எழுதி போடுங்க.

அப்பா திரும்ப தயாரா இருக்காரு, "இந்த தடவ எல்லா சிரட்டையும் கழட்டிட்டு தான் நிறுத்துவேன்"னு சொல்லியாச்சு. வாற திங்கக்கெழம மத்தியானம் ரெண்டு மணிக்கு அவர கூட்டிட்டு வாறேன். ரூம்ல இருக்க குளுக்கோஸ் பெட்டிய எடுத்து வேற எடத்துல வைக்க ஆள் இல்லன்னா சொல்லுங்க, எனக்க கூட்டுக்காரனுவ ரெண்டு பேர் வாறேன்னு சொல்லியிருக்கானுவ, அரை மணிக்கூர் வேலை தான்.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுக்காரருக்க மகன்,
மார்த்தாண்டம்